தன் கதை எழுதுவோரும் உண்மையும்

மனிதன் தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ள விரும்புவது புதிய வழக்கம் அன்று. ஆனால் அதனை எழுதி, அச்சேற்றி, ஊரார் கையில் கொடுப்பது நம் சமூகத்தில் அண்மைக் காலத்தில் பெருகிய வழக்கமாகும். அரசர்களுக்கும் அருளாளர்களுக்கும் மட்டுமே சரித்திரம் உண்டென்று முன்னாளில் எண்ணியிருந்தோம். இன்றோ தோட்டத்தில் கிராணியாக இருந்தவர், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர் முதலிய பலரும் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக்குகின்றனர். எழுத இயலாத முதியோர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதுகின்றனர். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஒரு சமூகம் தன் கதையைத் தானே எழுதாவிடின், அதனைப் பிறர் எழுதுவர். அவர் ஏட்டில் நாம் வெறும் கூலிக் கணக்காகவே நிற்போம்.

ஆயினும், இவ்வகை நூல்களைப் படிக்குங்கால் நம் நெஞ்சில் ஓர் ஐயம் எழாமலில்லை. இவர் சொல்வதெல்லாம் நடந்தனவா? நடந்தனவாயின் இப்படியேதான் நடந்தனவா? இவ்வையம் ஒரு பக்கத்தில் தோன்றினால் அந்தப் பக்கத்தோடு நிற்பதில்லை. ஒரு பானைப் பாலில் விழுந்த துளி மோர் பானை முழுவதையும் திரிப்பதுபோல, நூலில் உள்ள மெய்யையும் அது கெடுத்துவிடுகின்றது. ஆதலின், தன் வரலாற்றில் உண்மைக்கும் மிகைக்கும் உள்ள தொடர்பு யாது, எல்லை யாது என்பதைச் சிறிது ஆராய்தல் நலம்.

கவிஞனும் சாட்சியும்

மிகைப்படக் கூறுதல் நம் இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. அணியிலக்கணத்தார் அதற்கு உயர்வு நவிற்சி என்று பெயரிட்டு, அழகுகளுள் ஒன்றாக அமைத்தனர். மாளிகையின் கொடி சந்திரனைத் துடைக்கின்றது என்று புலவன் பாடினால், ஏணி வைத்து அளந்து பார்ப்பாரில்லை. பாடுவோனும் கேட்போனும் அறிந்தே செய்துகொண்ட உடன்பாடு அது. அங்கே ஏமாற்றுவோருமில்லர், ஏமாறுவோருமில்லர்.

தன் வரலாறு எழுதுவோன் வேறொரு வாயிலில் வந்து நிற்கிறான். “நான் கண்டேன், நான் அங்கிருந்தேன்” என்பதே அவன் முதற்சொல். நீதிமன்றத்தில் கூண்டேறியவன் சொல்லை எவ்வாறு கேட்கிறோமோ, அவ்வாறே அவன் சொல்லையும் கேட்கிறோம். சாட்சியின் ஆடையை உடுத்துக்கொண்டு கவிஞனின் சலுகையை ஒருவன் எடுத்துக்கொள்வானாயின், அது முறையாகாது. மிகை குற்றமன்று, மிகையை மெய்யென்று விற்பதே குற்றம்.

முன்ஷி அப்துல்லாவின் சான்று

இந்நாட்டிலேயே இதற்குத் தக்கதோர் உதாரணம் உண்டு. மலாய் மொழியில் தன் வரலாறு என்னும் துறைக்கு வழிகோலியவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா ஆவார். அவருடைய முன்னோருள் ஒருவர் யெமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணம் புரிந்துகொண்ட அரபியர். அப்துல்லா இளமையில் தமிழும் கற்றார். மலாக்காவில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்தே முன்ஷி என்னும் பெயர் பெற்றார். ஆகவே, அவரை முற்றிலும் அயலவர் என்று நாம் தள்ளிவிட முடியாது. அவர் 1843இல் எழுதி முடித்த ‘ஹிகாயத் அப்துல்லா’ 1849இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று.

மலாக்காக் கோட்டையை ஆங்கிலேயர் 1807ஆம் ஆண்டையொட்டி வெடி வைத்துத் தகர்த்த காட்சியை அவர் அந்நூலில் விவரிக்கின்றார். யானையளவு கற்களும், வீட்டளவு கற்களுங்கூட வானில் எழும்பிக் கடலில் வீழ்ந்தன என்பது அவர் கூற்று. வெடிமருந்தின் வலிமையைக் கணக்கிடுவோர் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆனால் அன்று அப்துல்லாவுக்குப் பத்துப் பதினொரு வயது. தலைமுறை தலைமுறையாக அசையாது நின்ற கோட்டை ஒரே ஓசையில் சிதறியதைக் கண்ட சிறுவனுக்குக் கற்கள் யானைகளாகவே தோன்றியிருக்கும். இந்த மிகையில் வஞ்சனை இல்லை. கல்லின் அளவை அது தவறாகக் கூறினும், ஊராரின் அச்சத்தைச் சரியாகவே அளந்து காட்டுகின்றது.

இனி வேறொரு பகுதியைப் பார்ப்போம். 1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால்வைத்த நிகழ்ச்சியை அப்துல்லா, பக்கத்தில் நின்று கண்டவர்போல், அவர் இன்னது கேட்டார், இவர் இன்னது விடையிறுத்தார் என்று விரித்துரைக்கின்றார். அவரோ அன்று அங்கிருந்தாரல்லர். பின்னரே சிங்கப்பூருக்கு வந்தார் என்றும், பிறர் வாயிலாகக் கேட்டவற்றையே இவ்வாறு எழுதினார் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆண்டுகளிலும் அவர் நூலில் பிழைகள் உண்டு. இதனால் வரலாற்றாசிரியர்கள் அந்நூலை எறிந்துவிடவில்லை. ஆனால் அவர் ராஃபிள்ஸின் அலுவலகத்தில் சிறுவனாக இருந்து ஓலையும் சுவடியும் படியெடுத்த நாட்களைப் பற்றி எழுதியதை ஒரு தட்டிலும், சிங்கப்பூரின் முதல் நாட்களைப் பற்றி எழுதியதை இன்னொரு தட்டிலும் வைத்தே நிறுக்கின்றனர். கேட்டதைக் கேட்டதென்று அவர் ஒரு சொல் எழுதியிருப்பாராயின் இந்தத் துன்பம் பின்வந்தோர்க்கு இராது.

மிகை புகும் வாயில்கள்

மிகை எந்தெந்த வாயிலால் நுழைகின்றது என்று பார்த்தால் மூன்று வாயில்கள் தெரிகின்றன.

முதலாவது, நினைவின் இயல்பு. நினைவு, பெட்டியில் பூட்டிவைத்த பத்திரம் அன்று. எடுக்கும்போதெல்லாம் கைபட்டுத் தேய்வது. இரண்டு வெள்ளங்கள் ஒரு வெள்ளமாகும். அண்ணன் செய்தது தம்பி செய்ததாகும். இதற்காக யாரையும் பொய்யரென்று பழித்தல் தகாது.

இரண்டாவது, பலமுறை சொல்லுதல். கலியாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் ஒரு கதையை நாற்பது ஆண்டுகள் சொல்லி வருபவர், எந்த இடத்தில் கேட்போர் வாய்பிளந்தனர் என்பதை அறிந்துகொள்கிறார். அடுத்தமுறை அந்த இடம் சற்று நீள்கின்றது. கேட்போரும் இப்பாவத்தில் பங்காளிகளே.

மூன்றாவது, பெருமை வேட்கை. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிந்த விதியை நீக்கவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. அப்போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்களும் போயின. இன்று குடும்பக் கதைகளைக் கேட்டாலோ, சைக்கிளிலிருந்து இறங்காத பாட்டனார் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றார்! அத்தனை பேரும் இறங்காதிருந்தால் வேலைநிறுத்தமே வேண்டியிருந்திராது. பெரும்பாலோர் இறங்கினர், நாள்தோறும் இறங்கினர், இறங்கி இறங்கி மனம் கொதித்தனர், அக்கொதிப்பே ஒருநாள் ஒன்றுகூடிற்று. அதுவே அதன் மேன்மை. இறங்கியதை மறைத்தால் எழுந்ததன் அருமையும் மறைந்துபோகின்றது.

இவ்வாறே 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூர்ப் பாடாங் திடலில் நேதாஜி பேசியதைக் கேட்டவர்களுள், “அவர் என்னையே நோக்கினார்” என்று சொல்லாதவர் அரியர். பெருங்கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று, தலைகளுக்கிடையே ஒன்றும் தெரியாமல், ஒலிபெருக்கியில் வந்த குரலை மட்டும் கேட்டு, விளங்காத மொழியிலும் உள்ளம் உருகிநின்றவர் ஒருவர் அதனை அப்படியே எழுதுவாராயின், அதனை நாம் பத்து முறை படிப்போம்.

பழியைக் கூறுவதிலும் பெருமை வேட்கை புகும் என்பதை மறத்தலாகாது. பிரெஞ்சு அறிஞர் ரூசோ தம் குற்றங்களையெல்லாம் ஒளியாது எழுதப் புகுந்தார். தாம் திருடிய நாடா ஒன்றைப் பற்றி, ஒரு பணிப்பெண்மீது பழிசுமத்தியதையும் எழுதினார். ஆயினும் தம்மைப்போல் மெய்சொன்னவர் பிறரில்லை என்னும் செருக்கு அந்நூலெங்கும் பேசுகின்றது. நம்மிடையேயும், “என்னைப்போல் குடித்தவன் இல்லை; என்னைப்போல் திருந்தியவனும் இல்லை” என்று எழுதுவோர் உண்டு.

நாட்குறிப்பும் நினைவுக்குறிப்பும்

“அன்றன்றே எழுதிவைத்தால் மிகை வாராதே” என்பர் சிலர். ஓரளவு மெய்யே. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, தமிழர் எழுதிய இவ்வகை ஏடுகளுள் தலைசிறந்தது. கப்பல் வந்த நாளும், சரக்கின் விலையும், ஊர்ப்பேச்சும் அதிற் கண்டபடி வேறெங்கும் காண்டல் அரிது. ஆனால் துப்ளேக்சு துரை தம்மைப் புகழ்ந்த மொழிகளைப் பிள்ளையவர்கள் மிக விரிவாக எழுதுவார். துரையின் மனைவியைப் பற்றியோ பகைமையோடே எழுதுவார். அன்றே எழுதிய மை உலருமுன்னும் ஆசாபாசம் அதில் கலந்துவிடும் என்பதற்கு இது சான்று.

அதற்கு மாறாக, உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றை 1940இல், ஏறக்குறைய 85 வயதில், ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தியவற்றை அவர் நினைவைக் கொண்டு மட்டும் எழுதினாரல்லர். தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புக்களையும் வாழ்நாள் முழுதும் காத்துவைத்திருந்தார். ஆகவே, அன்றே எழுதினோமா, பின் எழுதினோமா என்பது மட்டும் உண்மையை நிச்சயிப்பதில்லை. காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கும் பழக்கமும், அதனோடு தன் நினைவை ஒத்துப்பார்க்கும் பொறுமையும் வேண்டும்.

மறைத்தலும் மிகையே

மிகை என்றால் ஒன்றைப் பத்தாக்குதல் என்று மட்டும் எண்ணுகின்றோம். பத்தை ஒன்றுமில்லாமலாக்குதல் அதனினும் பெரிய பொய். நம் மக்களுள் இப்பொய்யே மிகுதி.

நகரத்தில் குடியேறி, கல்வியும் செல்வமும் பெற்ற குடும்பங்கள் பலவற்றில், “எங்கள் தாத்தா வியாபாரத்துக்காக இந்நாடு வந்தார்” என்று எழுதுவதைக் காண்கிறோம். வியாபாரத்துக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டதும், அதன்பின்னும் கங்காணிகள் வாயிலாக ஆள்சேர்ப்பது நடந்துவந்ததும், 1938இல் இந்திய அரசாங்கம் அதைத் தடுத்ததும் நாடறிந்த வரலாறு. அவ்வழியே வந்த பல்லாயிரம் பேரின் பேரர்கள் எங்கே போயினர்? கப்பலின் அடித்தளத்தில் படுத்துவந்து, பெரட்டுக்களத்தில் விடியுமுன் நின்று, 50 காசு நாட்கூலிக்குப் பால்மரம் வெட்டியவரின் பேரனென்று சொல்லிக்கொள்வதில் என்ன குறை? அந்நாளில் பெண்ணுக்கு 40 காசு. மரம் மட்டும் அவளுக்குக் குறைவாகப் பால் தரவில்லை. அப்பாட்டியின் பெயர் எத்தனை நூல்களில் இருக்கின்றது?

கங்காணிமார் குடும்பத்தார் எழுதும் நூல்களில், கங்காணி பசித்தோர்க்குச் சோறிட்ட வள்ளலாகவே காட்சியளிக்கின்றார். சோறிட்டதும் மெய்யாகலாம், தலைக்காசு வாங்கியதும் மெய், ஊரில் இல்லாத சுகங்களைச் சொல்லி அழைத்துவந்ததும் பலர்க்கு மெய். லயத்தில் ஒரு சாதியார்க்கு ஒரு வரிசை, இன்னொரு சாதியார்க்கு இன்னொரு வரிசை என்று பிரித்துவைத்ததும் மெய்யே. துரை செய்த கொடுமையைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டு, நம்மவர் நம்மவர்க்குச் செய்த கொடுமையை ஒரு வரியும் எழுதாமல் விடுதல் சுயமரியாதையாகாது. சுயமரியாதை உடையவன் தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டுவான்.

காந்தியார் தம் வரலாற்றை 1925ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து குஜராத்தி இதழான நவஜீவனில் வாரந்தோறும் எழுதினார். அவருடைய கொள்கைகளுள் நாம் ஏற்காதன பல. எனினும், இளமையில் அண்ணனின் காப்பிலிருந்து பொன் திருடியதையும், தந்தை உயிர்விட்ட நேரத்தில் தாம் மனைவியோடு இருந்ததையும் அவர் எழுதியதை எண்ணும்போது, மதிப்புக் குறைவதில்லை என்பதை எவரும் ஒப்புவர்.

சயாம் ரயிலும் ஒரு குறிப்பேடும்

இவ்வளவும் ஏதோ எழுத்தாளர்க்குரிய ஆராய்ச்சி என்று வாசகர் எண்ணலாகாது. நம் மக்களைப் பொறுத்தவரை இது இறந்தோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனைப் பற்றியது.

1942 முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குச் சுமார் 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைத்தனர். அதில் வேலைசெய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர்; இறந்தோர் ஏறக்குறைய 12,000. அவர்களுக்குக் காஞ்சனபுரி முதலிய இடங்களில் கல்லறைகள் உண்டு; கல்லில் பெயருண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அவர்களினும் பன்மடங்கினர். இவர்களுள் எத்தனைபேர் மாண்டனர் என்பதில் அறிஞர் கணக்குகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்படுகின்றன. முறையாக எழுதி வைத்தாரில்லை; பெயர் வெட்டிய கல்லுமில்லை. எஞ்சியிருப்பவை திரும்பிவந்தோர் சொல்லிய சொற்களே. ஆகையால் அச்சொற்கள் தூய்மையாயிருத்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வாறு திரும்பிவந்து முதுமையில் காலமான ஒருவரின் குறிப்பேட்டை அவர் பேரன் நம்மிடம் கொண்டுவந்து, அச்சுக்கேற்பச் சீர்செய்து தரும்படி வேண்டினார். முதற்பக்கங்களில், நாள்தோறும் ஆயிரம் ஆயிரமாக மடிந்ததைக் கண்ணாரக் கண்டதாகவும், ஒரு நண்பனை அடித்த ஜப்பானியனைத் தாமே கீழே தள்ளி உதைத்ததாகவும் பெரியவர் எழுதியிருந்தார். அப்படிச் செய்தவர் உயிரோடு திரும்பியிருத்தல் இயலுமா என்று நமக்குத் தோன்றிற்று. ஏட்டின் நடுவில், வேறு மையில், பழைய எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அவர் தோட்டத்திலிருந்து ஒரே நாளில் ரயிலேறியோர் 31 பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சொல்: வாந்திபேதி, காய்ச்சல், கால்புண், காணோம். “வந்தான்” என்னும் சொல் ஆறு பெயர்களுக்கு எதிரேதான் இருந்தது. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் இரண்டு வாக்கியங்கள் இருந்தன: “அடித்தே கொன்றார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.”

அந்த வீரக்கதை எங்கிருந்து பிறந்ததென்பது நமக்கு அப்போது விளங்கிற்று. பார்த்துக்கொண்டு நின்ற வேதனையைத் தாங்கமாட்டாத ஒருவர், ஐம்பது ஆண்டுகளாகத் தம் மனத்துள்ளே அந்த ஜப்பானியனை அடித்துக்கொண்டேயிருந்திருக்கிறார். அவரைப் பொய்யரென்று சொல்ல யாருக்கு நா எழும்?

பேரனோ, பட்டியல் வாசகர்க்குச் சலிப்பூட்டும், அதனை விட்டுவிடலாம் என்றார். சண்டைக் காட்சியை இன்னும் விரித்தெழுதவேண்டும் என்றார். நாம் அதற்கு இசையவில்லை. “பட்டியலை முதலில் அச்சிடுங்கள். உங்கள் பாட்டனார் பிற்காலத்தில் சொன்ன கதையையும் நீக்கவேண்டாம். அது பிற்காலத்தில் சொன்னது என்று மட்டும் குறித்துவிடுங்கள். ஆயிரமென்றால் படிப்போர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கம் போவர். இந்த இருபத்தைந்து பேரைக் கண்டால் நிற்பர்” என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் அவ்வாறே செய்வதாகச் சொல்லிச் சென்றார்.

மிகையால் விளையும் கேடு இதுவே. ஒருவர் ஆயிரத்தை லட்சமாக்கினால், நம் துன்பத்தை மறுக்க விரும்புவோன் அந்த லட்சத்தைப் பிடித்துக்கொண்டு ஆயிரத்தையும் இல்லையென்று சாதிப்பான். “ஒடுக்கப்பட்டோர் சற்று உரக்கக் கூவினால்தான் உலகம் கேட்கும்” என்று சொல்வாருண்டு. உரக்கக் கூவலாம், கூவும் சொல் மெய்யாயிருத்தல் வேண்டும். அதேபோல், ஒரு தேதி பிழைத்தது, ஓர் ஊர்ப்பெயர் மாறிற்று என்பதற்காக முதியோர் வாக்கு முழுவதையும் தள்ளிவிடும் படித்தவர்களையும் நாம் கண்டிக்கிறோம். தவறு வேறு, பொய் வேறு. வாந்திபேதிக் கொட்டகையில் கிடந்தவன் நாட்காட்டி பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழுதப் புகுவோர்க்குச் சில சொற்கள்

தன் கதை எழுதும் அன்பர்கள் மூன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளவேண்டும்: கண்டது, கேட்டது, பின்னர் எண்ணிக்கொண்டது. “கண்டேன்”, “சொல்லக் கேட்டேன்”, “இப்போது தோன்றுகின்றது” என்னும் சிறு சொற்களே இதற்குப் போதும். அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்த உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதாமல் அதன் கருத்தை மட்டும் எழுதுக. நினைவில்லாத இடத்தை வெறுமையாகவே விடுக.

பழைய பாஸ்போர்ட்டு, செக்ரோல் துண்டு, பள்ளிச் சான்றிதழ், கலியாணப் பத்திரிகை ஆகியவற்றை எடுத்து ஒத்துப்பாருங்கள். 1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் வழியே இன்று எளிதாகப் பார்க்கலாம். அந்நாட்டு ஆவணக்காப்பகம் 1979 முதல் முதியோர் வாய்மொழிகளை ஒலிப்பதிவு செய்து வருகின்றது. ஒரே தோட்டத்தில் உடனிருந்த இன்னொருவர்க்கும் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவர் மறுத்தால் அம்மறுப்பையும் சேர்த்தெழுதுங்கள்.

பேரப்பிள்ளைகள் முதியோர் சொல்லைத் தம் நடைக்கு மாற்றாமல், அவர் சொன்னபடியே எழுதவேண்டும். பதிப்பிப்போர், “சுவை போதாது” என்று சொல்லி எழுதுவோரைப் பொய்க்குத் தூண்டலாகாது. படிப்போராகிய நாமும் ஒவ்வொரு நூலிலும் ஒரு வீரனைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு மனிதனைக் கண்டால் மகிழப் பழகவேண்டும்.

இந்நாட்டில் காடழித்தவர்களும், சடக்குப் போட்டவர்களும், ரயில் தண்டவாளத்தின் கீழே கிடப்பவர்களும் தம் கதையை எழுதிவைக்கவில்லை. அவர்களை அறிந்தோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். ஆகவே, அன்பர்களே, விரைந்து எழுதுங்கள். எழுதும்போது அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி எழுதுங்கள். அவர்கள் “ஆம், இப்படித்தான் இருந்தது” என்று சொல்லத்தக்க ஒரு பக்கம் கிடைத்தாலும், அது நம் சமூகத்துக்குப் பெரும் பொருளாகும்.